சுடுதண்ணீர் மெஷின் மக்கர் செய்கிறதா? சரிசெய்வதா, மாற்றுவதா: மலையூரில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலையடிவாரத்தில், தாப்பாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் காலையில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கேமரன் மலையில், நம் ரிங்லெட்டில் அது நடக்காது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் கை விரைத்துப்போகும். அதனால்தான் இந்தப் பக்கம் தோட்டத்து வீடானாலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடானாலும் சுவரில் ஒரு கேஸ் சுடுதண்ணீர் மெஷின் தொங்குகிறது. அது ஒருநாள் காலை வாரிவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ரிப்பேர் பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா?"

இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டுவதுதான் என் தொழில். "எட்டு வருஷம் ஆச்சு, தூக்கிப் போடுங்க" என்று வயதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து வருட மெஷினை இரண்டு பேட்டரி மாற்றி ஓட வைக்கலாம். மூன்றே வருடமான மெஷினை அன்றைக்கே இறக்கிவிட வேண்டியும் வரலாம். எந்தப் பாகம் போயிருக்கிறது, மெஷின் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது, இந்த இரண்டும்தான் முடிவைச் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். முதல் படியைத் தாண்டாமல் பணக் கணக்குக்குப் போகாதீர்கள்.

முதல் படி: ஆபத்தா, வெறும் பழுதா?

கேஸ் வாடை அடித்தால் அதற்கு மேல் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். தோம்பின் (கேஸ் சிலிண்டரின்) ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள். விளக்குச் சுவிட்சை ஆன் பண்ணவும் வேண்டாம், ஆஃப் பண்ணவும் வேண்டாம். போன் பேசுவதாக இருந்தாலும் வாசலைத் தாண்டி வந்து பேசுங்கள். தோம்பில் இருக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். அதனால் மேலே இருக்கும் சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் போதாது, கதவையும் விரியத் திறக்க வேண்டும்.

கேஸ் கசிவையாவது மூக்கு காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே வாடை சேர்த்து விற்கிறார்கள். எனக்குப் பெரிய பயம் மற்றதுதான்: கார்பன் மோனாக்சைடு. கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் நஞ்சு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி. குளித்துவிட்டு வெளியே வந்தால் சரியாகிவிடுவதால், "குளிர் ஒத்துக்கல" என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் அதே மெஷினில் குளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சமவெளியைவிட இங்கே ஆபத்து கூடுதல். முதல் காரணம் உயரம். ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று பத்துச் சதவீதத்துக்கும் மேல் மெலிந்துவிடும். கீழே நீலமாக எரிந்த மெஷின் இங்கே மஞ்சள் நுனி காட்டலாம். இரண்டாவது காரணம் நம் கையாலேயே செய்வது. குளியலறையில் கூரையை ஒட்டி வெண்டிலேஷன் கட்டங்கள் இருக்கும். அதன் வழியாக ஊதல் காற்று வருகிறது என்று மைலோ டின் அட்டையையோ, பழைய தமிழ்ப் பேப்பரைச் சுருட்டியோ, பிளாஸ்டிக் பையில் துணியைத் திணித்தோ அடைத்து வைத்திருப்பார்கள். போகிற வீடுகளில் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். மெஷினும் உள்ளே, காற்றும் அடைப்பு என்றால் அங்கே பழுது பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மெஷினை அன்றைக்கே நிறுத்துங்கள்: தீ மஞ்சளாக, சோம்பலாக ஆடுகிறது, மெஷினின் மேல்பகுதியிலோ சுவரிலோ கரி படிந்திருக்கிறது, எரியும்போது கண் எரிகிறது, குளித்தவருக்குத் தலை வலிக்கிறது, பற்றும்போது 'டப்' என்று வெடிப்பது போலச் சத்தம் வருகிறது. குளியலறையில் யாராவது மயங்கிக் கிடந்தால், கதவை உடைத்தாவது ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 999 கூப்பிடுங்கள்.

சாதாரண வகை மெஷின், அதாவது அறையிலிருந்தே காற்றை இழுத்து எரியும் வகை, குளியலறைக்குள் மாட்டப்பட்டிருந்தால் என் பதில் ஒன்றுதான். அது நன்றாக வேலை செய்தாலும் இடத்தை மாற்றுங்கள். பின்கட்டுச் சுவரின் வெளிப்புறம், மழைச் சாரல் அடிக்காத இடம் போதும். புதுசு வாங்கி அதே ஆணியில் மாட்டினால் ஆபத்தும் புதுசாக வந்து மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: பழுது மெஷினில்தானா?

ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாதி நோயை மெஷின் சத்தத்திலேயே சொல்லிவிடும். ஒருவரைச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்.

குழாயைத் திறந்ததும் 'டிக் டிக் டிக்' என்று பொறி தட்டும் சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தமே இல்லையென்றால் கேஸைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒன்று கரண்ட் இல்லை, இல்லை தண்ணீர் போதவில்லை. நம் ஊர் மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய டார்ச் லைட் பேட்டரியில் ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதும், ரிமோட்டிலிருந்து பழையதைக் கழற்றிப் போட்டுப் பார்க்க நினைப்பதும் வேலைக்கு ஆகாது. பேட்டரிப் பெட்டிக்குள் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

பேட்டரி மாற்றியும் சத்தம் இல்லையா? ஒரு வாளியை எடுத்துச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழ் வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு நிமிடத்துக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது ஓடினால்தான் உள்ளே இருக்கும் சுவிட்ச் விழித்துக்கொள்ளும். அதற்குக் கீழே என்றால் மெஷின் பேசாமல்தான் இருக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

தண்ணீர் ஏன் குறைந்தது? இந்த ஊரில் முக்கால்வாசி நேரம் காரணம் சேறு. மழை பெய்த மறுநாள் குழாயில் தேத்தண்ணி நிறத்தில் வருகிறதே, அந்த மண்ணெல்லாம் மெஷினின் அடியில், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் பின்னால் இருக்கும் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்த மலை எவ்வளவு மண்ணைக் கரைத்து இறக்குகிறது என்று தெரியும். 1963-இல் கட்டிய அணை. இன்றைக்கும் தூர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தூரில் ஒரு கரண்டிதான் உங்கள் வலையில் இருக்கிறது. தண்ணீர் வால்வை மூடிவிட்டு, குழாய் நட்டைக் கழற்றி, வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போடுங்கள். ஷவர் தலையையும் கழற்றிப் பாருங்கள்.

தண்ணீர்த் தாங்கியின் உயரமும் ஒரு காரணம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. கூரைக்குக் கீழே, ஷவருக்கு ஒன்றரை மீட்டர் மேலே தாங்கி இருக்கிற ஒற்றை மாடி வீட்டில் கிடைப்பது 0.15 பார். பல மெஷின்களுக்கு அது போதாது. அங்கே புது மெஷின் வாங்கினாலும் அதே கதைதான். வாங்க வேண்டியது ஒரு சின்ன பம்ப், அல்லது தாழ்ந்த அழுத்தத்திலும் பற்றும் வகை மெஷின்.

அப்புறம், சத்தம் வருகிறது ஆனால் தீ பற்றவில்லை என்றால் கேஸ் பக்கம் போகலாம். தோம்பின் தோளில் வெறும் எடை அடித்திருப்பார்கள். அதோடு 14 கிலோ கூட்டினால் நிறைந்த எடை. ஆள் எடை பார்க்கும் தராசில் தோம்பை வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆட்டிப் பார்ப்பது வீண். தோம்பு காலியாகிற கட்டத்தில், குளிர்ந்த காலையில், அடுப்பு நன்றாக எரியும், மெஷின் மட்டும் தடுமாறும். திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். குளிரில், அதுவும் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது, அடுப்புக்குத் தேவையானதைக் கொடுக்கிற தோம்பு மெஷினின் பசிக்கு ஈடுகொடுக்காது. பத்து லிட்டர் மெஷின் ஏறக்குறைய 20 கிலோவாட் இழுக்கும், அதாவது மணிக்கு ஒன்றரை கிலோ கேஸ். ரெகுலேட்டரிலும் அது மணிக்கு எத்தனை கிலோ கொடுக்கும் என்று அடித்திருக்கும். அடுப்பையும் மெஷினையும் ஒரே ரெகுலேட்டரில் 'டி' இணைப்புப் போட்டு மாட்டியிருந்தால் ஒன்று சாப்பிடும்போது மற்றது பட்டினி. கேஸ் ரப்பர் குழாயையும் இதே சமயம் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

தீ பற்றி, சில விநாடியில் அணைகிறது என்றால் இப்போதுதான் பழுது மெஷினுக்குள் வருகிறது. தீயைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். தீ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது அதுதான். அதில் கரியோ வெள்ளைப் பூச்சோ படிந்தால், தீ இருந்தும் இல்லை என்று நினைத்து கேஸை மூடிவிடும். மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் சரியாகிற வேலை. ஆனால் மூடியைக் கழற்றி இதைச் செய்வது டெக்னீஷியன் கையில் இருக்கட்டும்.

சரியாக இருபது நிமிடத்தில் அணைகிறதா? பழுதே இல்லை. சில மெஷின்களில் அப்படி ஒரு டைமர் வைத்திருக்கிறார்கள். குழாயை மூடித் திறந்தால் மறுபடி எரியும். வீட்டில் யார் அவ்வளவு நேரம் குளிக்கிறார்கள் என்பது உங்கள் குடும்பப் பிரச்சினை.

மூன்றாம் படி: எந்தப் பாகம்?

இங்கேதான் முடிவு பிறக்கிறது. டெக்னீஷியன் மூடியைக் கழற்றியதும் "கெட்டுப் போச்சு" என்ற பொதுவான பதிலோடு விட்டுவிடாதீர்கள். பாகத்தின் பெயரைக் கேளுங்கள்.

பொறி தட்டும் கம்பி, தீயைப் பார்க்கும் கம்பி, தண்ணீர் சுவிட்ச், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, அதிகச் சூட்டில் வெட்டிவிடும் சின்னக் கட்டை, வலை, ரப்பர் வளையம். இதில் எது போயிருந்தாலும் யோசிக்காமல் சரிசெய்யுங்கள், மெஷினுக்கு வயது பன்னிரண்டே ஆனாலும். எல்லாம் சின்னச் சாமான். பல கம்பெனி மெஷின்களுக்குப் பொதுவாகவே கிடைக்கும்.

பொறியைக் கட்டுப்படுத்தும் கரண்ட் பெட்டி, கேஸைத் திறந்து மூடும் மின்வால்வு, விசிறி வகையாக இருந்தால் விசிறி மோட்டார். இவை நடுவாந்திரம். ஐந்து வருடத்துக்குள் என்றால் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் அடுத்த படியில் சொல்லும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செம்புக் கூடு ஓட்டை என்றால் மாற்றும் கட்டம். தீக்கு மேலே, தகடு தகடாக, தண்ணீர்க் குழாய் சுற்றிப் போகும் பகுதி அது. மலைத் தண்ணீர் மென்மையானது, அதனால் கீழே சில ஊர்களில் ஆவது போல உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதில்லை. ஆனால் மென்தண்ணீருக்கு வேறு குணம்: செம்பை மெதுவாகத் தின்னும். ஒரு இடத்தில் ஊசித்துளை விழுந்தால் குழாய் முழுக்கவே மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். "ஒட்டு போட்டுத் தர்றேன்" என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று மாதம் நிற்கும், பக்கத்தில் இன்னொரு துளை வரும். கேஸ் வால்வே உள்ளே கசிகிறது, பர்னர் துருப்பிடித்து உளுத்திருக்கிறது, புகைக்குழாய் கையால் அழுத்தினால் பொத்துக்கொள்கிறது, இவையும் அதே ரகம்.

ஆனால் ஓட்டை என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. விடியற்காலையில் மெஷினைப் போட்டதும் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பார்த்தவுடன் பதறி, "கூடு போச்சு" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும். சில்லென்று இருக்கும் செம்பில் அந்த ஆவி பட்டால் வியர்த்துச் சொட்டும். பானை மூடியில் வேர்ப்பது போலத்தான். இதைக் கண்டுபிடிக்க, ரெகுலேட்டரை மூடிவிட்டு, தீ இல்லாமல் தண்ணீரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்போதும் சொட்டினால் ஓட்டை. தீ இருக்கும்போது மட்டும் முதல் இரண்டு மூன்று நிமிடம் சொட்டி, சூடானதும் நின்றுவிட்டால் அது வியர்வை. இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

கூட்டில் கரி அடைத்திருந்தால் அதைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கரி ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் கழுவி மாட்டிவிட்டுப் போகிற டெக்னீஷியனுக்குக் காசு கொடுக்காதீர்கள். பர்னர் துளைகளில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம், புகை போகிற வழியில் குருவிக் கூடு இருக்கலாம், ரெகுலேட்டர் அழுத்தம் கூடியிருக்கலாம், மெஷினே வேறு கேஸுக்குச் செய்ததாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னது இணையத்தில் மலிவாக வாங்கிய மெஷின்களில் நான் அடிக்கடி பார்க்கிற கோளாறு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: கணக்கு

"ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று" என்று பொதுவாகச் சொல்வார்கள். மோசமான விதி இல்லை, ஆனால் மலையில் இருப்பவருக்கு அது பாதிக் கணக்கு. தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஆள் வளைந்து வளைந்து ஏறி வரவேண்டும். பாகம் கையில் இல்லையென்றால் இறங்கிப் போய் மறுபடி ஏற வேண்டும். இரண்டு தடவைப் போக்குவரத்துக் கூலி பாகத்தின் விலையையே தாண்டும்.

அதனால் வருடக் கணக்காகப் போடுங்கள். உதாரணத்துக்கு, கூலி எல்லாம் சேர்த்து ரிப்பேருக்கு 180 வெள்ளி (ரிங்கிட்), அதற்குப் பிறகு மெஷின் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 90 வெள்ளி. புதுசு மாட்டுகூலியோடு 720 வெள்ளி, எட்டு வருடம் ஓடும் என்றால் அதுவும் வருடத்துக்கு 90 வெள்ளிதான். இரண்டும் சமமாக வந்தால் நான் புதுசின் பக்கம் சாய்வேன், காரணம் ரிப்பேரான மெஷினில் அடுத்த பாகம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதே ரிப்பேர் 80 வெள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யுங்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், நான் சொன்னவை விலைப்பட்டியல் அல்ல.

இன்னொரு பேச்சும் வரும்: "புதுசு வாங்கினா கேஸ் மிச்சமாகும் அண்ணே." எவ்வளவு மிச்சம்? ஒரு ஆள் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வீதம் குளித்தால் 60 லிட்டர். 20 டிகிரியில் வரும் தண்ணீரை 38 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 4.5 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ கேஸில் சுமார் 46 மெகாஜூல் இருக்கிறது. மெஷின் அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்கும் என்றால், 14 கிலோ தோம்பில் 114 குளியல். தோம்பு 26 வெள்ளி 60 சென். ஆக ஒரு குளியல் 23 சென். ஐந்து பேர் தினம் ஒருமுறை குளிக்கும் வீட்டில் வருடத்துக்குப் பதினாறு தோம்பு. புது மெஷின் ஆறு ஏழு சதவீதம் குறைவாகக் குடித்தாலும் வருடத்துக்கு முப்பது வெள்ளிதான் மிச்சம். அந்த முப்பதுக்காக 700 வெள்ளி மெஷின் வாங்குவது கணக்கில் உதைக்கிறது. மெஷினை மாற்ற நல்ல காரணங்கள் உண்டு, கேஸ் மிச்சம் அதில் சேர்த்தி இல்லை.

பாகம் கிடைக்குமா என்பதும் கணக்கில் சேரும். "இந்த மாடலுக்குச் சாமான் வர்றதில்ல" என்று கடைக்காரர் கையை விரித்தால், அதோடு விட வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காலம்வரை உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று வாங்கும்போதே உங்களிடம் சொல்லியிருந்தால் அது வேறு. ரெசிட் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம், கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் தேவையில்லை. பெரும்பாலும் ரெசிட்டைத்தான் யாரும் வைத்திருப்பதில்லை. மெஷின் மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள், அங்கே சூடு. அலமாரியில் வையுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

"கேஸே வேண்டாம், கரண்ட் மெஷின் மாட்டிடலாம்" என்று பலர் சொல்கிறார்கள். புகை இல்லை, தோம்பு தூக்க வேண்டாம், உண்மைதான். ஆனால் கடைகளில் விற்கும் சாதாரண கரண்ட் மெஷின் 3.6 கிலோவாட். தாப்பாவில் 27 டிகிரி தண்ணீரை 38-க்கு ஏற்ற அது நிமிடத்துக்கு நாலரை லிட்டருக்கு மேல் கொடுக்கும். இங்கே 20 டிகிரியிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் மூன்று லிட்டருக்கும் குறைவு. அதாவது நூல் மாதிரி ஒழுகும். ஈப்போ தம்பி வீட்டில் அருமையாக இருக்கிறதே என்று அதே மாடலை வாங்கி வந்து ஏமாந்தவர்கள் ஏராளம். மெஷின்மேல் தப்பில்லை, தண்ணீர் குளிர்.

தொட்டி வைத்த கரண்ட் மெஷின் நல்ல தேர்வு, ஆள் குறைவாக இருந்தால். 30 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குச் சுடவைத்து, பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு ஆள் தாராளமாகக் குளிக்கலாம். அடுத்த ஆளுக்கு மறுபடி சூடாக 1.5 கிலோவாட் கம்பிக்கு ஒரு மணி நேரம் ஆகும். தாத்தா பாட்டி இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது போதும். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேரும் வேலைக்குப் போகிறவரும் வரிசையில் நிற்கிற வீட்டுக்குக் கேஸ்தான்.

கரண்ட் எதுவானாலும் வயரிங் பற்றி ஒரு வார்த்தை. 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல். 13 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் வரவேண்டும், 10 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) இருக்க வேண்டும், எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் செய்ய வேண்டும். பழைய லயத்து வீடுகளில் இதற்கே மெஷின் விலைக்கு மேல் ஆகலாம். தோட்டத்து வீடாக இருந்தால் சுவரில் துளை போடும் முன் ஆபீசில் கேட்டுவிடுங்கள். வீடு உங்கள் பெயரில் இல்லை.

கேஸ்தான் என்றால் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எல்.பி.ஜி. என்று இருக்கவேண்டும், 2.8 அல்லது 3 கிலோபாஸ்கல் அழுத்தம் என்று இருக்கவேண்டும். சீனாவிலிருந்து நேரடியாக வருகிற மெஷின்களில் '20 ஒய்' என்று அச்சிட்டிருந்தால் தோம்பு கேஸுக்கு, '12 டி' என்றால் குழாய் வழி வரும் இயற்கை கேஸுக்கு. பின்னதை வாங்கித் தோம்பில் மாட்டினால் துளை பெரிசாக இருப்பதால் கேஸ் அளவுக்கு மீறிப் பாயும். மஞ்சள் தீ, கரி, நஞ்சு எல்லாம் முதல் நாளே தொடங்கிவிடும். கேஸ் சாதனங்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது சட்டம். அந்த முத்திரை இல்லாத மெஷின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் மாட்டித் தருவதில்லை.

அளவைப் பொறுத்தவரை, ஒரு குளியலறைக்கு எட்டு லிட்டர் போதும், இரண்டு குளியலறைக்குப் பத்து அல்லது பன்னிரண்டு. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு 25 டிகிரி சூடேற்றுவதற்கானது. நமக்குத் தேவை 18, 20 டிகிரி என்பதால் சொன்னதற்கு மேலேயே கிடைக்கும். விசிறி வைத்த வகை புகையை நன்றாக வெளியே தள்ளும், பாதுகாப்பு கூடுதல். ஆனால் கரண்ட் இல்லையென்றால் ஓடாது. புயல் மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகிற நாட்களை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மெஷினை வெளிச்சுவரில் மாட்ட இடம் இருந்தால் பேட்டரி வகையே போதும். வீட்டுக்குள்தான் மாட்ட முடியும் என்றால் விசிறி வகைதான், அல்லது காற்றையும் வெளியிலிருந்தே இழுத்துக்கொள்ளும் மூடிய வகை.

வருகிற ஆளிடம் பேசுவது

ரிப்பேரோ மாட்டுவதோ, வேலை தொடங்கும் முன் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். போன வாரம் ஒரு அக்கா என்னிடம் கேட்ட மாதிரி கேளுங்கள்:

"தம்பி, எந்தச் சாமான் போச்சு? அதை மாத்தினா சரியாயிடும்னு சொல்ல முடியுமா, இல்ல மாத்திப் பார்க்கணுமா?"

"தண்ணி சுவிட்ச்தான் அக்கா. ஆனா கரண்ட் பெட்டியும் கொஞ்சம் சந்தேகம்."

"அப்போ சுவிட்சை மாத்து. பெட்டியில இருந்து பொறி வரலைன்னா அதோட நிறுத்திடு, நான் புதுசு வாங்கிக்கிறேன். சுவிட்ச் காசும் உன் கூலியும் மட்டும் தர்றேன். பழைய சாமானை இங்கேயே வெச்சிட்டுப் போ."

இப்படிக் கேட்பவர்களிடம் யாராலும் தேவையில்லாத பாகத்தை விற்க முடியாது. சுவிட்சோடு வேலை முடிந்தது.

வேலை முடிந்ததும் மூன்று விஷயத்தை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது. தீயின் நிறத்தைக் காட்டுவது. நீலமாக, நிமிர்ந்து, அசையாமல் எரியவேண்டும். பத்து நிமிடம் முழுதாக ஓடவிட்டு, புகை வெளியேறும் இடத்தில் மட்டுமே சூடு இருக்கிறதா, அறைக்குள் திரும்பி வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பது. கேஸ் குழாய் புதிதாகப் போடுகிற வேலையென்றால் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த கேஸ் ஆளா என்று அட்டையைக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டுக்குள் மாட்டியவர்கள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, படுக்கை அறைப் பக்கம் வையுங்கள். குளியலறைக்குள் வைத்தால் நீராவியில் கெட்டுவிடும். வாங்கினால் பட்டனை அழுத்திச் சோதித்துப் பாருங்கள், மாதம் ஒருமுறை.

பழைய மெஷினை இறக்கிவிட்டீர்கள். அதில் இருக்கும் செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசு தருவார்கள். "ஓட்டை மட்டும்தானே, நான் ஒட்டி மாட்டிக்கிறேன்" என்று பக்கத்து லயத்திலிருந்து யாராவது கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். கடைக்குப் போடும் முன் கேஸ் வால்வைக் கழற்றி எடுத்து, உள்ளே போகும் குழாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ரெகுலேட்டர் நன்றாக இருந்தாலும் அதைப் புது மெஷினுக்கு மாட்டாதீர்கள். அது பழைய மெஷினோடு சேர்ந்து பத்து வருடம் உழைத்திருக்கும். புதுசு வாங்குங்கள்.